இது மடியல்ல, மலை!

ஏப்ரல் 18, வெள்ளி

பிற்கால வரலாற்று ஆசிரியர்களின் வசதிக்காக இன்று முதல் என் வாழ்க்கையை எழுதி வைக்கிறேன். பிரிண்டிங் மை கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த டைரி. ஜனவரி முதல் மார்ச் வரையிலான பக்கங்களில் என் மனைவி தமயந்தி ஏற்கெனவே மார்கழிக் கோலங்களைப் போட்டுப் பழகியிருக்கிறாள். வரலாறு அதைப் பொருட்படுத்தாது.

நான் தவமணி. அருப்புக்கோட்டையில் 'தவமணி டிஜிட்டல்ஸ்' என்ற ஃப்ளெக்ஸ் பேனர் சாம்ராஜ்யத்தின் ஏகச் சக்கரவர்த்தி. இந்த வட்டாரத்தில் எவன் சிங்கத்தின் மேல் கை போட்டுக்கொண்டு நின்றாலும், அந்தச் சிங்கம் என் கம்ப்யூட்டரிலிருந்து போனதுதான்.

காலையில் மதுரையிலிருந்து தங்கை ராணி போன் செய்தாள். அவள் மகள், எங்கள் பாப்பா, மூன்று வயது. வருகிற மே நாலாம் தேதி குலதெய்வம் கோயிலில் அவளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது முறை. பாப்பாவுக்கு உடன்பிறந்த தாய்மாமன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான்.

"மடிக்கு துரைசிங்கம் அண்ணன்கிட்ட சொல்லிரவாண்ணே?" என்றாள்.

துரைசிங்கம் எங்கள் பெரியப்பா மகன். ஜிம் வைத்திருக்கிறான். அவன் புஜத்தில் ஒரு குடும்பம் வாடகைக்குக் குடியிருக்கலாம்.

"ஏன், என் மடிக்கு என்ன குறைச்சல்?"

"இல்லண்ணே, போன தடவ..."

"சிக்னல் சரியில்ல, ராணி" என்று வைத்துவிட்டேன்.

போன தடவை என்றால் ராணியின் மூத்தவன் இனியனுடைய காதுகுத்து. அன்று வெயில் அதிகம். அவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரல் 19, சனி

தாத்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தாத்தா என்பது என்னைப் பெற்றவர். இனியன் பிறந்த நாளிலிருந்து அவர் எனக்கும் தாத்தாவாகிவிட்டார். தமயந்திக்கும், தெருவுக்கும், பால்காரருக்கும்கூட. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைப்பாகைத் துண்டோடு ஃபேனுக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அறிவுரை வழங்குவது தற்போதைய உத்தியோகம். அவருடைய அறிவுரையைக் கேட்டுக் கெட்டவர்கள் ஒரு பஸ் நிறைய இருப்பார்கள். படிக்கட்டில் தொங்குகிறவர்கள் தனி.

"பயமா இருக்காடா?" என்றார்.

"எனக்கா? சிங்கத்துக்கே கலர் கரெக்‌ஷன் பண்றவன் நான்."

"பயமில்லேல்ல? சரி. பயப்படுற வேற எவனுக்காச்சும் சொல்லு. பயம் வந்தா கொட்டாவி விடணும். கொட்டாவி விடுறவனைப் பாத்து எவனும் பயந்தாங்கொள்ளின்னு சொல்ல மாட்டான். ‘பயலுக்கு இதெல்லாம் சாதாரணம் போல’ன்னு நினைச்சுக்குவான்."

யாருக்காவது உபயோகப்படும் என்று குறித்து வைத்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

கொட்டாவிப் பயிற்சி. ஓர் ஈ உள்ளே போய்விட்டது.

ஏப்ரல் 23, புதன்

இன்று ஒத்திகை. தாத்தா ஒரு கத்தரிக்காயை எடுத்து, அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, என் மடியில் உட்கார்த்தினார். தமயந்தியின் தாலிச் சரட்டில் தொங்கிய ஊக்கைக் கேட்டு வாங்கி, தாமே ஆசாரியாக வேடமேற்றார்.

"பாரு. நல்லாப் பாரு. கண்ணை மூடக் கூடாது. இப்ப ஊசி வருது... வருது... கிட்ட வந்திருச்சு..."

இவ்வளவு வர்ணனை தேவையில்லை என்பது என் கருத்து.

அதன்பிறகு நான் தரையில் போட்டிருக்கும் டைல்ஸைக் கொஞ்ச நேரம் மிக அருகிலிருந்து ஆராய்ச்சி செய்தேன். நல்ல தரம். தமயந்தி ஏனோ என் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"கத்திரிக்காயே கம்முன்னு இருக்கு. இவருக்கு என்ன வந்துச்சு தாத்தா?" என்று தாத்தாவிடம் கேட்டாள்.

"சாயும்போது கத்திரிக்காயக் கீழ விடலம்மா, பாத்தியா? கெட்டியாப் பிடிச்சிருக்கான். அது முன்னேற்றம்" என்றார் தாத்தா.

மத்தியானம் சோற்றுக்கு வெஞ்சனம் எண்ணெய்க் கத்தரிக்காய். நான் தயிர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

பள்ளி விடுமுறை. ராணி பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். வாசலில் குட்டிச் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. எங்கள் வீட்டு வாசலில் எப்போதாவது குட்டிச் செருப்பு கிடந்தால், அது இந்தப் பிள்ளைகளுடையதாகத்தான் இருக்கும். தமயந்தி அதைத் துடைத்து நேராக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பாப்பா என்னைக் கண்டதும், "மாமா, எனக்குக் காதுல ஓட்டை போடப் போறாங்க. நீ பயப்படாத" என்றாள். இந்தச் செய்தி மதுரை வரை எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.

காபி குடித்தபடி ராணி காதுகுத்து ஏற்பாடுகளை விவரித்தாள். ஆசாரி, ஊசி, தங்கக் கம்பி என்று அவள் சொல்லச் சொல்ல, தாத்தாவின் அறிவுரைப்படி நான் கொட்டாவி விட்டேன். ஊசி என்றபோது ஒன்று. கம்பி என்றபோது இன்னொன்று. ரத்தம் என்றபோது வந்த கொட்டாவியில் ஒரு மினி பஸ் நுழைந்து திரும்பியிருக்கலாம்.

ராணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் பிள்ளை காதுகுத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன். உனக்குத் தூக்கம் வருதா?"

"தூக்கமில்ல ராணி. இதெல்லாம் எனக்குச் சாதாரணம்னு..."

"சாதாரணமா? போன தடவ நீ சாஞ்சப்ப இனியன் தலைகீழா விழுந்திருப்பான். துரை அண்ணன் கையில பிடிக்கலேன்னா என்ன ஆயிருக்கும்? அன்னைக்கு நான் அழுததை நீ பாக்கல. நீதான் கண்ணையே திறக்கலியே. இந்தத் தடவ துரை அண்ணன் மடிதான். முடிவு பண்ணிட்டேன்."

வெயிலைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

தாத்தாவிடம் மேல்முறையீடு செய்தேன்.

"கொட்டாவி சில ஆளுக்குத்தான் ஒத்துவரும்" என்றார், ஏதோ நான் மருந்தைத் தவறாகச் சாப்பிட்டதுபோல. "நீ ஹாரன் ஆளுடா. பஸ்சுல பிரேக் பிடிக்கலேன்னா என்ன செய்யணும்? விடாம ஹாரன் அடிக்கணும். ரோட்டுல நிக்கிறவன் பூராம் தன்னால ஒதுங்கிருவான். வாழ்க்கையில முக்காவாசிப் பிரச்சனை ஹாரனுக்கே ஒதுங்கிரும்."

"ஒதுங்கலேன்னா?"

"அதுக்குள்ள கண்டக்டர் பின்வாசல் வழியா இறங்கிரணும்."

மேதை. கடைக்குப் போய் என் ஹாரனை அடித்தேன். இருபதுக்குப் பத்து அடி. நடுவில் நான். இந்தப் பக்கம் சிங்கம், அந்தப் பக்கம் சிங்கம், பின்னால் எரிமலை. என் மடியிலிருந்து பொன்னிறக் கதிர்கள் கிளம்பி எட்டுத் திசைக்கும் போகின்றன. மேலே கொட்டை எழுத்தில்: ‘இது மடியல்ல, மலை! தாய்மாமன் தவமணி அழைக்கிறார்!’ எரிமலைக்குச் சரியான சிவப்பு கொண்டுவரவே அரை நாள் ஆயிற்று.

கீழ் மூலையில் பாப்பாவின் படம். இடம் கொஞ்சம் பற்றவில்லை. ஸ்டாம்ப் அளவுக்கு வந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

பேனரைத் தெருமுனையில் கட்டினேன். ஊர் திரண்டு பார்த்தது. (நாலு பேர், ஓர் ஆடு.)

ராணி வந்து பேனரின் அடியில் வெகுநேரம் நின்றாள். மனம் மாறிவிட்டாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன்.

"என் பிள்ளை எங்க?" என்றாள்.

காட்டினேன். குனிந்து பார்த்தாள். அந்த மூலையை மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

துரைசிங்கம் போனில் கூப்பிட்டான். "அண்ணே, பேனர் சூப்பர். மலைக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு எடம் போட்டு வைங்க. அன்னைக்கு நீங்க சாய வேண்டியிருக்கும்ல?"

சிக்னல் மறுபடியும் மோசம்.

ஏப்ரல் 30, புதன்

ஆசாரியை அழைக்க வேண்டியது தாய்மாமன் கடமை. மடிதான் போயிற்று, கால்களாவது இருக்கட்டும் என்று கிளம்பினேன். பாப்பாவும் தொற்றிக்கொண்டாள். வண்டியில் போகும்போது முன்னால் நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் கையசைத்தாள். ரத்தத்தில் இருக்கிறது.

ஆசாரி தங்கவேலுவுக்குத் தாத்தாவைவிட நாலைந்து வயதுதான் குறைவாக இருக்கும். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தோம். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, "யாரு, கண்டக்டர் வீட்டுப் பேத்தியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வெகுநேரம் சிரித்தார்.

"உங்க அப்பாவுக்குக் காது குத்துனது எங்க அப்பாதான் தெரியும்ல? வலக்காது குத்தி முடிச்சு, கம்பியை எடுக்கத் திரும்பியிருக்காரு. ஆளைக் காணோம். ஓடிப்போயி கம்மாய்க்குள்ள நின்னுக்கிட்டாராம், கழுத்தளவு தண்ணியில. சாயந்தரம் வரைக்கும் வரலையாம். எங்க அப்பா கண்ணை மூடுற மட்டும் சொல்லுவாரு: ‘கண்டக்டர்கிட்ட நமக்கு ஒரு காது பாக்கி இருக்குடா.’"

வீட்டுக்கு வந்து, தாத்தா தலைப்பாகையை அவிழ்த்து உதறும் சமயம் பார்த்து உற்றுக் கவனித்தேன். வலக்காதில் தழும்பு. இடக்காது பிறந்தபடியே இருக்கிறது. நாற்பத்தாறு வருஷம் அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறேன். ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"என்னடா பாக்குற?"

"இடக்காது..."

"அதுவா? அந்தக் காலத்துல தங்கம் தட்டுப்பாடு. வீட்டுக்கு ஒரு காதுதான் குத்தலாம்னு சர்க்கார் உத்தரவு."

பாப்பா அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "தாத்தா, நீ தண்ணிக்குள்ள போயி நின்னியா?"

தாத்தா துண்டைக் காது மறைய இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மத்தியானத்துல பிள்ளைகளை வெளிய கூட்டிட்டுப் போகாதேன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று என்னைத் திட்டினார்.

மே 3, சனி

பட்டுப் பாவாடை, வளையல், மாலை, பழம் என்று சீர்த் தட்டுகளைத் தமயந்தி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய்களுக்கு மஞ்சள் பூசினேன்.

"ராணிகிட்ட இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

"எனக்கென்ன, மடியில உக்கார வச்சாத்தான் மாமனா? துரைசிங்கம் மடியிலேயே உக்காரட்டும். எனக்கும் முட்டி வலி."

தமயந்தி என்னைப் பார்த்தாள். "அந்தத் தேங்காய்க்கு மூணாவது தடவையா மஞ்ச பூசிக்கிட்டிருக்கீங்க" என்றாள்.

மே 4, ஞாயிறு

வரலாற்று ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தைக் கவனமாகப் படிக்கவும்.

கோயில் வாசலில், தெருமுனையிலிருந்து அவிழ்த்துவந்து கட்டிய என் பேனர், அதன் நிழலில் உறவினர்கள், வேப்பமரத்தடியில் ஜமுக்காளம். அதன் நடுவில் துரைசிங்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் சீர்த் தட்டோடு ஓரமாக நின்றேன். வந்தவர்கள் பேனரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு துரைசிங்கத்தின் மடியைப் பார்த்தார்கள். தட்டில் இருந்த வாழைப்பழத்தைப் பார்ப்பதே எனக்கு வசதியாக இருந்தது.

ராணி பாப்பாவைக் கொண்டுவந்து துரைசிங்கம் மடியில் வைத்தாள். பாப்பா ஒருமுறை அசைந்து பார்த்தாள்.

"இது கல்லு மாதிரி இருக்கு" என்று இறங்கிவிட்டாள்.

"கண்ணுல்ல, வா, மாமா தூக்குறேன்" என்று துரைசிங்கம் பிடிக்கப் போனான். பாப்பா அவன் புஜத்தில் கடித்துவிட்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். தட்டு ஆடியது, நான் ஆடவில்லை.

"தாத்தாவுக்கு முதல்ல குத்துங்க. அவருக்குத்தான் பாக்கி இருக்கு" என்றாள், கோயில் முழுவதும் கேட்கும்படி.

ஆசாரி கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஒரு நிமிடத்தில் கதை மொத்தக் கூட்டத்துக்கும் பரவியது. "குத்துங்கப்பா! பேத்தி கேக்குதுல்ல!" என்று கிழவிகள் கத்தினார்கள். தாத்தா எழுந்து, நாங்கள் வந்த வேன் நின்ற திசையில் இரண்டு அடி வைத்தார். கூட்டம் வழிவிடவில்லை.

"எனக்குச் சுகர் இருக்கு! புண்ணு ஆறாது!"

"போன வாரம்தான் சுகர் நார்மல்னு சொல்லி மூணு ஜாங்கிரி தின்னீங்க" என்றாள் ராணி.

"வயசான காதும்மா. ஊசி இறங்காது."

"இறக்குறது என் பொறுப்பு. எங்க அப்பா ஆத்மா சாந்தியாகட்டும்" என்றார் ஆசாரி.

தாத்தா கடைசி ஆயுதத்தை எடுத்தார். "சரி, குத்துங்க. நானா பயப்படுறவன்? ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? தாய்மாமன் மடியில உக்காந்துதான குத்தணும். எங்க மாமன் போயிச் சேந்து எவ்வளவு காலமாச்சு. சாமி முன்னால முறை தவறலாமா? நீங்களே சொல்லுங்க."

கூட்டம் யோசித்தது. நியாயமான வாதம். தாத்தா வேட்டியைச் சரிசெய்துகொண்டு புன்னகைக்கக்கூடத் தொடங்கிவிட்டார்.

"என் மாமா மடியில உக்காந்துக்க, தாத்தா" என்றாள் பாப்பா. என் வேட்டியைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "இவருதான் என் மாமா. நீ குத்துனதும் எனக்குத் திருப்பிக் குடுத்துரணும்."

நான் எப்போது உட்கார்ந்தேன் என்று நினைவில்லை. என் மடியில் என்னைப் பெற்றவர் உட்கார்ந்தார். மலை என்று பேனரில் போட்டது நான்தான். ஆனால் மலையின் மீது இன்னொரு மலை ஏறும் என்று எதிர்பார்க்கவில்லை. முட்டி இரண்டும் தனித்தனியாக முருகா என்றன.

ஆசாரி இடக்காதில் சந்தனம் வைத்தார். தாத்தா என் கையைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது. ஊருக்கே தைரியம் சொல்லும் ஆளின் கை.

"தவமணி."

"என்ன?"

"ஏதாச்சும் சொல்லுடா."

நான் யாருக்கும் அறிவுரை சொன்னதில்லை. வீட்டில் அந்த வேலை எப்போதும் ஒருவர் கையில்தான் இருந்தது.

"அப்பா, ஆசாரியப் பாக்காதீங்க. என்னையப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஊசி எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. அவர் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தன.

"முடிஞ்சிருச்சு தாத்தா. அவ்வளவுதான்" என்று பாப்பா அவர் முதுகைத் தட்டினாள். பிறகு, "நகரு" என்றாள்.

தாத்தா நகர்ந்தார். என் கால்கள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. விழுவதற்குக்கூட எழ முடியாத நிலை. பாப்பா ஏறி உட்கார்ந்தாள். ராணி ஓர் அடி முன்னால் வந்தாள். துரைசிங்கம் கடிபட்ட புஜத்தைத் தடவியபடி என் பின்னால் வந்து, பிடிக்கத் தயாராகக் குனிந்தான்.

"மாமா, கண்ணை மூடாத" என்றாள் பாப்பா.

மூடவில்லை. எழுதி வைக்கிறேன்: பார்த்தேன். ஊசியைப் பார்த்தேன். கம்பியைப் பார்த்தேன். கடுகைவிடச் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு வந்ததைப் பார்த்தேன். மரம் சுற்றியது, கோயில் சுற்றியது, துரைசிங்கம் இரண்டாகத் தெரிந்தான். பாப்பா மட்டும் இருந்த இடத்தில் இருந்தாள். ஏனென்றால் என் இரண்டு கையும் அவளைச் சுற்றி இருந்தன. ‘வீல்’ என்று அவள் கத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தான் தெறித்தது. இரண்டாவது காதுக்கு இரண்டாவது பொத்தான்.

எல்லாம் முடிந்ததும் ராணி பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"அழுகை நிக்கிற மட்டும் நீயே வச்சிருண்ணே" என்றாள்.

கண்ணில் ஏதோ தூசி. கோயில் காடு, புழுதி அதிகம்.

மே 5, திங்கள்

முட்டிக்கு எண்ணெய். வேறு செய்தி இல்லை.

மே 7, புதன்

ராணி மதுரையிலிருந்து போன் செய்தாள். பாப்பாவின் காது நன்றாக இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிறுமி மூக்கு குத்திக்கொண்டு வந்திருக்கிறாளாம். தனக்கும் வேண்டும் என்று இவள் ஒரே பிடிவாதம்.

"மூக்குக்கும் மாமா மடிதானன்னு கேக்குறாண்ணே. என்ன சொல்ல?"

"வேற எவன் மடி? என் மடிதான்னு சொல்லு" என்றேன். வாய் முந்திவிட்டது. சிக்னல் இன்று பார்த்து மிகத் தெளிவாக இருந்தது.

உடனே அறிவுரைக்காக உள்ளே ஓடினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இடக்காதுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"மூக்குன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லப்பா" என்று எழுந்து, உள்ளங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.